இரண்டு பந்தி போடுவது எந்த ஊர்ச் சேவை?

2022 செப்டம்பரில் பாஞ்சாகுளத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கத்துச் சின்னக் கிராமம் அது. தாழ்த்தப்பட்ட குடும்பத்துக் குழந்தைகள் பெட்டிக்கடையில் மிட்டாய் கேட்டார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டாயிற்று, இனி உங்கள் தெருவுக்குத் தின்பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். கட்டுப்பாடு என்றால் என்னவென்றுகூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

போலீஸ் வந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள். கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதத்துக்கு ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று நெல்லைக் கோர்ட்டு உத்தரவும் போட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நல்ல காரியம். இதில் நமக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை.

நமது கேள்வி வேறு. இந்த அக்கிரமம் எப்படி வெளியுலகத்துக்குத் தெரிந்தது? கடைக்காரர் தம்முடைய சாமர்த்தியத்தைத் தாமே செல்போனில் பிடித்துப் பரப்பினார். அதனால் தெரிந்தது! அவர் அப்படிப் பெருமை அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்?

தமிழ்நாட்டில் இன்று சர்க்காரின் சேவைக் கரம் எட்டாத கிராமம் இல்லை என்று மேடைதோறும் சொல்கிறார்கள். உண்மைதான். அங்கன்வாடி இருக்கிறது. சத்துணவுக் கூடம் இருக்கிறது. கிராம நர்ஸம்மா வருகிறார். ரேஷன் கடை ஊழியர், வி.ஏ.ஓ., ஊராட்சிச் செயலர், முதியோர் பென்ஷனுக்கு விசாரிக்க வரும் வருவாய் ஆய்வாளர், மகளிர் குழுவுக்குக் கடன் வாங்கிக் கொடுக்கும் அமைப்பாளர், தொண்டு நிறுவனத்துத் தம்பிகள் என்று வாரம் முழுவதும் யாராவது ஒருவர் ஊருக்குள் நுழைந்துகொண்டுதான் இருக்கிறார். எந்தக் கிராமத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஜோடிக் கண்களுக்கும் தெரியாமல் ஒரு தெருவை மட்டும் ஒதுக்கிவைக்க முடியுமா? முடியாது. இவர்களுக்குத் தெரியும். ஆனால் அது தங்கள் ரிஜிஸ்டரில் எழுத வேண்டிய விஷயமில்லை என்று இருந்துவிடுகிறார்கள். பிள்ளையின் எடை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அந்தப் பிள்ளை எந்தத் தம்ளரில் தண்ணீர் குடிக்கிறது என்று எழுத எந்தக் கட்டமும் இல்லை.

"நாங்கள் ஜாதி பார்ப்பதில்லை!"

சமூகநல இலாகாக்களில் யாரைக் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். மெத்தச் சரி. நீங்கள் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் மையத்தை எந்தத் தெருவில் வைத்தீர்கள்? ஊர்த் தெருவில். ரேஷன் சாமான் எங்கே இறங்குகிறது? அதுவும் அங்கேதான். வெள்ளம் வந்தால் டோக்கன் எங்கே கொடுக்கிறீர்கள்? ஊர்ச் சாவடியில். காலனி ஜனங்களின் பெயரைச் சேகரிக்க வேண்டுமானால் யாரைக் கேட்கிறீர்கள்? ஊர்ப் பெரியவரை! காலனித் தாய் தன் பிள்ளையை அந்த மையத்துக்கு அனுப்பினால் அவன் ஓரத்தில் உட்கார்கிறான். அனுப்பாவிட்டால் "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. ஜாதியைப் பார்க்க மறுக்கும் கண்ணுக்கு, ஜாதியால் யார் விடுபட்டார் என்பதும் தெரியாமல் போகிறது.

இது நமது கற்பனை அல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களுக்குப் போய் விசாரித்து 2006-ல் புத்தகமாக வந்த ஆய்வு ஒன்று உண்டு. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானவர்கள் எழுதியது. சர்க்கார் சுகாதார ஊழியர்கள் தாழ்த்தப்பட்டவர்கள் வீட்டுக்குள் போக மறுக்கும் கிராமங்கள் மூன்றில் ஒரு பங்கு என்று அதில் கண்டிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குத் தனிப் பந்தி. சொட்டு மருந்தும் சத்து மாவும் தருவதற்காகச் சம்பளம் வாங்குபவர்கள் தெருமுனையில் நின்று கூப்பிடுகிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் ஓடி வர வேண்டும். இதை யாரும் வன்கொடுமை என்று சொல்வதில்லை. யாருக்கும் அடி விழவில்லை, ரத்தம் சிந்தவில்லை. தினசரி வேலையின் ஒரு பகுதியாக, பழக்கமாக, நடந்துகொண்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போதும் இந்தப் பழக்கம் அலையில் அடித்துக்கொண்டு போகவில்லை. நாகப்பட்டினம் கரையில் நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்டவர்கள் ஒதுக்கப்பட்டதையும், பிணங்களை அகற்றும் வேலை மட்டும் தவறாமல் அவர்கள் தலையில் விழுந்ததையும் அன்றே பலர் எழுதினார்கள்.

தென்காசியில் நெல்லைக்கு ரயில் ஏறினால் வழியில் சேரன்மாதேவி வருகிறது. அங்கே இறங்கி ஒரு பழங்கதையை நினைத்துப் பார்ப்பது நல்லது. வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலம் அங்கேதான் இருந்தது. ஐயர் சாமானியரா? வெள்ளைக்காரனை எதிர்த்து ஆயுதம் எடுக்கத் துணிந்த தேசபக்தர். தேசத்துக்குத் தொண்டு செய்யும் இளைஞர்களை உருவாக்கவே குருகுலம் கண்டார். காங்கிரஸ் பணம் கொடுத்தது. ஆனால் இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பெற்றோர்கள் அந்த நிபந்தனையில்தான் பிள்ளையை விட்டார்கள், தாம் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்றார் ஐயர். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. 1924, 25-ல் தமிழ்நாடு முழுவதும் அந்தச் சண்டை பற்றி எரிந்தது. குருகுலமும் நிலைக்கவில்லை.

ஐயரைப் பழிப்பதற்காக இதைச் சொல்ல வரவில்லை. அவருக்கு ஜாதி வெறி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்ததெல்லாம் ஒரு சின்ன அனுசரிப்பு. இரண்டு பெற்றோர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம். நமது சேவைத் துறைகளில் இன்று தினமும் நடப்பதும் இதே அனுசரிப்புதான். ஆனால் ஐயரைக் கேள்வி கேட்க அன்று ஆள் இருந்தது.

2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம். அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் வந்தார். பல வருஷம் அனுபவமுள்ள ஊழியர். அவர் கைச்சோறு எங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஆதிக்க ஜாதியார் பள்ளிக்கூடத்து வாசலில் திரண்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது? தீண்டாமை குற்றம் என்று அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. 1955-லிருந்து அதற்குத் தண்டனைச் சட்டம் இருக்கிறது. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சமையல்கார அம்மாளுக்கு இடமாறுதல் உத்தரவு கொடுத்தார்கள்! திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனை ஊரைவிட்டு அனுப்புவதுபோல. தாழ்த்தப்பட்ட மக்களும் ஜனநாயக இயக்கங்களும் கிளர்ந்தெழுந்த பிறகுதான் உத்தரவு ரத்தாயிற்று, வழக்கும் பதிவாயிற்று.

அந்த உத்தரவில் கையெழுத்துப் போடும் உத்தியோகஸ்தர்கள் தங்களை ஜாதி வெறியர்கள் என்று நினைப்பதில்லை. "பிரச்னை வேண்டாமே" என்கிறார்கள். ஊர் அமைதியாக இருக்க வேண்டுமாம். யாருடைய அமைதி?

பிள்ளைகள் பட்டினி கிடக்கலாமா?

இங்கே ஒரு வாதம் வரும். அது பொய் வாதம் அல்ல. பதில் சொல்லத்தான் வேண்டும். "ஐயா, நீங்கள் கொள்கை பேசுகிறீர்கள். சமையல்காரரை மாற்றாவிட்டால் நாற்பது பிள்ளைகள் மத்தியானம் சாப்பிடாமல் கிடக்கும். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதா, ஊரைத் திருத்துவதா?" என்று கேட்கிறார்கள்.

2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியைப் பாருங்கள். காலைச் சிற்றுண்டித் திட்டத்தில் தாழ்த்தப்பட்ட பெண் சமைத்ததால் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை சமையல்காரரை மாற்றவில்லை. கலெக்டர் போனார், மந்திரி போனார், எம்.பி. போனார். தரையில் உட்கார்ந்து அதே உப்புமாவையோ பொங்கலையோ பிள்ளைகளோடு சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டன. அதே மாதத்தில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் கலெக்டர் போய் உட்கார்ந்த பிறகு எதிர்ப்பு அடங்கியது. ஆக, சர்க்கார் உறுதியாக நின்றால் பிள்ளைகள் பட்டினி கிடப்பதில்லை. சர்க்கார் நெளிந்தால்தான் ஊர்ப் பெரியதனம் பிள்ளைகளின் வயிற்றைப் பணயம் வைக்கத் துணிகிறது.

ஆனால் மந்திரி சாப்பிட்டு எழுந்து கார் ஏறிய மறுநாள்? போட்டோ எடுத்தவர்கள் போய்விட்டார்கள். அந்த அம்மாள் மறுநாள் காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிக்கூடம்! எல்லாவற்றிலும் மந்திரியா உட்கார்ந்து சாப்பிட முடியும்?

சமையலர், உதவியாளர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளில் சீக்கிரமாக அங்கன்வாடி திறக்க வேண்டும் என்றும் சொன்னது. உணவு உரிமை வழக்கில் பிறந்த உத்தரவுகள் இவை. இவற்றைச் சலுகை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சோற்றுப் பானையின் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பந்தியைத் தீர்மானிக்கிறார். அதனால்தான் ஆதிக்க ஜாதியார் அந்தக் கரண்டிக்காக இவ்வளவு சண்டை போடுகிறார்கள்.

இதற்காகக் கடைநிலை ஊழியர் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போக நாம் தயாரில்லை. அங்கன்வாடிப் பணியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர் "கௌரவ" ஊழியர்தான். மத்திய சர்க்காரின் கணக்கில் அவருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, மதிப்பூதியம். அவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்வதற்கே 2022 ஏப்ரல் ஆயிற்று. வாடகைக் கட்டிடத்தில் மையம், கட்டிடம் ஊர்க்காரருடையது. தண்ணீர் ஊர்க் குழாயில். இவர் தனியாக நின்று "எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருங்கள்" என்றால் மறுநாளே கட்டிடம் இல்லை என்பார்கள். மேலதிகாரியிடம் போனால், "ஏம்மா, அனுசரிச்சுப் போகத் தெரியாதா?" என்பார். அவரும் அனுசரிக்கிறார். இந்த அனுசரிப்பு மேலிருந்து கீழே வருகிறது. ஆகவே சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு இதையும் கையில் எடுக்க வேண்டும். ஜாதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து நிற்கும் ஊழியரைப் பாதுகாப்பது தொழிற்சங்க வேலை இல்லையென்றால் வேறு எதுதான் தொழிற்சங்க வேலை?

குற்றாலத்துக்கு வருவோம். சாரல் விழும் மாதங்களில் அங்கே தர்மம் பெருக்கெடுத்து ஓடும். அன்னதானம், நீர்மோர், வேட்டி சேலை. இந்த ஜாதிக்கு ஒரு மண்டபம், அந்த ஜாதிக்கு ஒரு மடம். தன் ஜாதியானுக்குத் தங்க இடம் கொடுத்தால் அது தர்மமாம்! 1934-ல் காந்தி வந்தபோது, தாழ்த்தப்பட்டவர்கள் போகமுடியாத அருவியில் தாமும் குளிக்கப் போவதில்லை என்று திரும்பிவிட்டார் என்பதை இந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். இன்றைக்கு அருவிக்கரையில் அப்படித் தடை இல்லை. ஆனால் ஐந்தருவியிலும் பேரருவியிலும் பழைய குற்றாலத்திலும் ஆயிரக்கணக்கானோர் விட்டுப்போகும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் எச்சில் இலையையும் அள்ளுபவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று தர்மவான்கள் ஒருநாள் விசாரித்துப் பார்க்கட்டும்.

திரிகூட ராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும் குறத்தியைப் பண்டிதர்கள் மேடையில் கொண்டாடுகிறார்கள். நடனமாகவும் ஆடுகிறார்கள். பாசிமணியும் ஊசியும் விற்று வயிறு வளர்க்கும் நரிக்குறவப் பெண் அந்த மண்டபத்து வாசலில் வந்து நின்றால்? (குறவரும் நரிக்குறவரும் வேறு வேறு மக்கள் என்பது நமக்குத் தெரியும். வாசல் காக்கிறவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.) 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோவில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்டதாக நரிக்குறவப் பெண் ஒருவர் வாய்விட்டுப் பேசிய பிறகுதான் மந்திரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது தனியார் தர்மம் அல்ல. சர்க்கார் இலாகாவின் அன்னதானம்.

இதே தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சொல்லியாக வேண்டும். 1981 பிப்ரவரியில் அங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தில் சேர்ந்தார்கள். எந்த மதத்தில் யார் சேர்வது என்பது அவரவர் உரிமை. அதற்குள் நாம் போகவில்லை. தீண்டாமையும் போலீஸ் தொந்தரவும் பொறுக்காமல் போனோம் என்று அவர்களே சொன்னார்கள். அதுவரை அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. அதற்குப் பிறகு பாருங்கள்! டில்லியிலிருந்து மந்திரி வந்தார். தேசத் தலைவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டுகிறோம், கோவில் கட்டுகிறோம் என்று ஸ்தாபனங்கள் வரிசையில் நின்றன. தனி கிளாஸில் டீ குடித்த காலமெல்லாம் தெரியாத சேவை, மக்கள் கைவிட்டுப் போனதும் காரில் வந்து இறங்கியது.

இந்த வியாதியை 1932-லேயே அம்பேத்கர் கண்டுபிடித்துச் சொன்னார். பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். பின்னால் ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான். நவம்பரில் வட்டமேஜை மகாநாட்டுக்குக் கப்பலில் போகும்போது சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் நீண்ட கடிதம் எழுதினார். குடியை விடு, குளி, படி என்று தாழ்த்தப்பட்டவனைத் திருத்துவது ஒரு வழி. அவனை அமுக்கி வைத்திருக்கும் சூழ்நிலையை உடைப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் சக்தியைச் செலவிடுங்கள். கிணறு, பள்ளிக்கூடம், பொது இடம் ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுங்கள். கைகலப்பு வந்தாலும் பின்வாங்காதீர்கள். வேலை செய்யும் தொண்டர்களைத் தாழ்த்தப்பட்ட மக்களிடமிருந்தே எடுங்கள் என்பது அதன் சாரம். சங்கம் அந்த வழியில் போகவில்லை. அம்பேத்கர் விலகிக்கொண்டார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நமது சேவை இலாகாக்கள் இன்னமும் முதல் வழியிலேயே சோப்பும் சீப்பும் விநியோகித்துக் கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்தில் வெள்ளைக்கார சமூகப் பணியாளர்கள் கறுப்பர் குடும்பங்களையும் ஆசியர் குடும்பங்களையும் நடத்தும் முறை பற்றிக் கடும் கண்டனம் எழுந்தது. 1989-ல் அந்நாட்டின் சமூகப்பணிப் பயிற்சிக் கவுன்சில் ஒரு விதி செய்தது. நிறவெறியை அடையாளம் கண்டு எதிர்த்து வேலை செய்யத் தெரிவது பட்டம் பெறுவதற்கு ஒரு தகுதி என்றது. பத்திரிகைகள் கூச்சல் போட்டன. 1995-ல் அந்த விதியின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கூச்சல் போட்டவர்கள் சொன்னது என்ன? "நாங்கள் நிறம் பார்ப்பதில்லை!" கடல் கடந்தாலும் வசனம் மாறவில்லை.

நமது சர்க்காரோ 2001 டர்பன் மகாநாட்டில், ஜாதி வேறு, இனவெறி வேறு, இதை உலக மேடையில் பேசாதீர்கள் என்று வாதாடியது. அடுத்த வருஷமே ஐ.நா.வின் இன ஒழிப்புக் கமிட்டி அல்ல, இனப்பாகுபாட்டு ஒழிப்புக் கமிட்டி, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் ஜாதியும் அடங்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வாதத்தை விடுங்கள். அங்கன்வாடிப் பயிற்சியில், கிராம நர்ஸ் பயிற்சியில், சமூகப்பணிக் கல்லூரிப் பரீட்சையில், காலனியைப் புறக்கணிக்கும் ஊரில் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை மணி நேரம் கற்பிக்கிறார்கள்? சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, அந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாத சர்க்கார் ஊழியருக்கு 6 மாதத்திலிருந்து 1 வருஷம் வரை சிறை என்கிறது.

2025-ல் சில பெயர்கள் மாறின. "காலனி" என்ற சொல்லைச் சர்க்கார் பதிவேடுகளிலிருந்து எடுப்பதாக ஏப்ரலில் அறிவித்தார்கள். நலத்துறை விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று ஜூலையில் பெயர் வைத்தார்கள். இரண்டையும் வரவேற்கிறோம். பலகையை மாற்றிய கையோடு விடுதியின் கக்கூஸ் கதவையும் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் இன்னும் சந்தோஷப்படுவார்கள்.

கிராம சபைகள் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகின்றன. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத் தோழர்கள் அங்கே எழுந்து கேட்க வேண்டும். ஊராட்சியில் ஒவ்வொரு அங்கன்வாடியும் ரேஷன் கடையும் எந்தத் தெருவில் இருக்கிறது? சமையலர் நியமனத்தில் 2004 உத்தரவு எத்தனை இடத்தில் நடைமுறைக்கு வந்தது? ஆட்சேபத்தின் பேரில் யாரையாவது மாற்றினீர்களா. மாற்றியிருந்தால் ஆட்சேபித்தவர்கள் மீது வழக்கு எங்கே? ஊர்க் கட்டுப்பாடு என்ற வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுக்கும்படி ஊழியர்களுக்கு உத்தரவு உண்டா. கொடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால், மறுத்தார் என்பதையும் நாலு பேர் கையெழுத்தோடு எழுதிக் கலெக்டருக்குத் தபாலில் அனுப்புங்கள்.